அப்டேட் போட ஊரில் ஓர் ஆள்

வயதானவர்களின் கம்ப்யூட்டர் ஏன் அப்டேட் இல்லாமல் கிடக்கிறது என்று கேட்டால், 'அவங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகுது' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இந்தப் பதில் அநியாயமானது. போதாக்குறைக்கு, கோளாறைத் தவறான இடத்தில் தேடவும் வைக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிப்பதற்குப் பெரிய அறிவு எதுவும் வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, இறங்க வேண்டியதை இறக்கி, ஒருமுறை அணைத்துப் போட வேண்டிய பராமரிப்பு வேலை அது. பராமரிப்பு நடக்கவில்லை என்றால் அது யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். புதுச்சேரியின் தெற்குக் கரையில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டு போன்ற மீனவக் கிராமங்களையும், உள்ளே வில்லியனூர் வரை பரந்துகிடக்கும் விவசாய ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய லேப்டாப், பிள்ளைகள் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனபின் பெற்றோரிடம் தங்கிவிடுகிறது. மின்கட்டணம், வங்கிக் கணக்கு, பென்ஷன் வேலை, பேரப்பிள்ளையின் முகம் எல்லாமே அதன் வழியாகத்தான். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. தூரத்துப் பிள்ளையிடமோ அந்த முதியவரிடமோ மட்டும் அதை விட்டுவிடக்கூடாது. நடந்து போகும் தூரத்தில், ஊருக்குத் தெரிந்த ஒருவரிடம் அது இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை இப்போது பேசவேண்டிய அவசரத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2016-இல் கல்லூரி சேர்ந்த பிள்ளைக்கு வாங்கிய லேப்டாப் பெரும்பாலும் இந்த வாசலைத் தாண்டாது. அந்த மெஷின் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கும். எழுத்து தெரியும், படம் தெரியும், வீடியோ கால் வரும். பழுதாகி நின்றிருந்தால் யாராவது கடைக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். நன்றாக ஓடுவதால்தான் ஆபத்து கண்ணில் படுவதில்லை. புதிய பதிப்பில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டதும், அடைப்பதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தே தாக்குபவர்கள் ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே ஓட்டை பழைய பதிப்பில் திறந்தே இருக்கும். ஆகவே திருத்தம் நின்றுபோன மெஷினுக்கு மாதம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. தனிநபர்களுக்கு ஓராண்டுக் கூடுதல் அவகாசத்தை, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கம்ப்யூட்டரின் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் அது இலவசம்; இல்லையென்றால் 30 டாலர். ஆனால் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். பதிவு செய்ய வேண்டும் என்று பனித்திட்டில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு ஊழியருக்கு யார் போய்ச் சொன்னது?

'நான் எதையும் கிளிக் பண்றதில்லை, எனக்கு எதுக்கு அப்டேட்' என்பவர்களுக்கு 2017-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸின் ஒரு கடுமையான ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வானாகிரை என்ற பணயத் தாக்குதல் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிவைத்து, பிட்காயினில் 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நமக்குப் பக்கத்தில், ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களும், கேரளத்தின் வயநாட்டில் ஒரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களும் மாட்டிக்கொண்டன. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு நெட்வொர்க்கில் நுழைந்தபின் இது ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவைப்படவில்லை. அடுத்து, மருந்து இரண்டு மாதங்களாகக் கையிலேயே இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் திருத்தத்தைப் போட்டவர்களை இந்த ஓட்டை வழியாகத் தொட முடியவில்லை. மாட்டியவர்களில் பலர் படித்தவர்கள், அலுவலகம் நடத்தியவர்கள். அங்கே குறைந்தது வயதோ அறிவோ என்று யாரும் சொல்ல முடியாது. 'இது என் வேலை' என்று செய்ய ஓர் ஆள் இல்லாததுதான் குறை.

அந்த ஆளைக் கிராமத்தில் எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, இந்தியாவில் வேறெந்தப் பகுதியையும்விட புதுச்சேரியின் கிராமப்புறத்திடம் நல்ல பதில் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி என்ற வளர்ச்சி ஆய்வு அமைப்பு நிதி தந்தது. மின்சாரம் நம்பமுடியாத அந்தக் காலத்தில் சூரியசக்தியும் சேர்த்துக் கம்ப்யூட்டர்கள் ஓடின. டெலிபோன் கம்பி போதாத இடத்தில் ரேடியோ வழியாகத் தகவல் போனது. ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது. இடமும் மின்சாரமும் ஊர் தந்தது, கருவிகளை நிறுவனம் தந்தது. அவற்றை ஓட்டியவர்கள் அந்தந்த ஊரின் தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள். வில்லியனூரில் தகவல்களைத் திரட்டித் தமிழாக்கி ஊர்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவியது. 2001-இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஏற்பாடுதான். கடற்கரையில் நின்ற மீனவரை இணையம் கற்றுக்கொள்ளச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே, அவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு பெண் இருந்தார்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஏற்பாட்டின் மதிப்பு உலகத்துக்கே தெரிந்தது. பனித்திட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நல்லவாடு. அந்த ஊரிலிருந்து போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஓர் இளைஞர் சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருவதாகப் பதில் கிடைத்தது. உடனே வெளியேறச் சொன்னார், ஊருக்கும் சொல்லச் சொன்னார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஆனால் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிரிழப்பு இல்லை. இதைப் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வார்கள். நான் அதில் இன்னொன்றைப் பார்க்கிறேன். சிங்கப்பூரிலிருந்த பிள்ளைக்கு விஷயம் முதலில் தெரிந்தது; அக்கறையும் இருந்தது. ஆனால் கதவை உடைக்கவும் மைக்கைப் பிடிக்கவும் ஊருக்குள் ஆள் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து 'அப்பா, செட்டிங்ஸ் போங்க, கீழே வாங்க, இல்லை, அது இல்லை' என்று போனில் வழிகாட்டும் பிள்ளைகளின் அக்கறையில் குறை இல்லை. திரையை நேரில் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை அது இல்லை, அவ்வளவுதான். உயிர் காத்த ஓர் எச்சரிக்கையோடு அப்டேட்டை ஒப்பிடுவது மிகையாகப் படலாம். அவசரத்தின் அளவு வேறுதான். வேலைப் பங்கீடு ஒன்றே.

அந்த ஆள் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது; நம் கணக்கில் அது இரவு பத்தரை, பதினொன்றரை மணி. அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை அப்டேட் நாளாக வைத்துக்கொள்ளலாம். படகில்லாத நாளில் வலையைப் பழுது பார்ப்பதுபோல் அதற்கென ஒரு நாள் இருந்தால் வேலை விட்டுப்போகாது. டேட்டா ஒரு பெரிய தடை: ஒரு மாதத் திருத்தம் சில நூறு எம்பியில் தொடங்கி ஒரு ஜிபியைத் தாண்டும். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கும் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஓட்டும் வீட்டில், டேட்டா தீர்ந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அதனாலேயே பல வீடுகளில் யாரோ அந்த இணைப்பை 'அளந்து பயன்படுத்தும் இணைப்பு' என்று குறித்துவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதன் பிறகு பல அப்டேட்கள் தானாக இறங்காது. பொதுச் சேவை மையத்திலோ நூலகத்திலோ நல்ல பிராட்பேண்ட் இருந்தால், லேப்டாப்பை மாதம் ஒருமுறை அங்கே எடுத்துவந்து போட்டுக்கொள்ளலாம். ஒரே வலைப்பின்னலில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஏற்கனவே இறங்கிய திருத்தத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. மொழியையும் தமிழுக்கு மாற்றித்தர வேண்டும். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் தமிழில் கிடைக்கும்போது, ஆங்கிலப் பெட்டி ஒன்று திரையில் வந்து நின்றதும் பயந்து 'வேண்டாம்' பொத்தானை அமுக்கிவிட்டார் என்று ஒரு பெரியவரைக் குறை சொல்வது சரியில்லை. இதையெல்லாம் செய்யும்போது மவுஸ் முதியவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உதவ வந்தவர் படபடவென்று தட்டி முடித்துவிட்டுப் போனால் வேலை முடியும். ஆனால் அடுத்த மாதம் திரையில் வருவது உண்மையான அப்டேட்டா, ஏமாற்றா என்று அந்தப் பெரியவருக்கு அடையாளம் தெரியாது.

இதை எதிர்ப்பவர்களின் முதல் வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது: 'அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும், சில சமயம் படுத்தே போயிடும்.' கம்ப்யூட்டர் கடைகளிலேயே இதைச் சொல்லி அப்டேட்டை நிறுத்திவைத்துக் கொடுப்பது உண்டு. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையோடு நின்று, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்களே என்று உதாரணமும் காட்டுவார்கள். அன்று பழுதானது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் பெரிய அலுவலகங்களுக்கு விற்கும் பாதுகாப்பு மென்பொருள். வீட்டு லேப்டாப்பின் மாதாந்தரத் திருத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் விண்டோஸின் சொந்தத் திருத்தங்களே சில மாதங்களில் பிரிண்டரையோ வேறெதையோ கெடுத்ததுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய் இரவே பாயாமல் ஞாயிறு வரை பொறுக்கச் சொல்வது அதற்காகத்தான். பழுதான திருத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வெளியே தெரிந்துவிடும். ஐந்து நாள் தாமதம் வேறு, 2017-இல் பலர் விட்டுவைத்த இரண்டு மாதம் வேறு. வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கே காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே லேப்டாப் வேறு மெஷினாகிவிடுகிறது. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயமும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலைப் பார்த்த இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பேட்டரி சாகாத லேப்டாப்புக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. பேட்டரி செத்த லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் யுபிஎஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் அப்டேட் போட வேண்டும். எப்படியானாலும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு தொடங்குவதே முறை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. முதியவர்களின் பணம் போவது ஓட்டை வழியாக இல்லை, போன் வழியாக. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவனுக்கு விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதே தேவையில்லை என்கிறார்கள். இது பெருமளவு உண்மை. அந்த மோசடியைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரிக்க வேண்டியிருந்தது. எந்த அப்டேட்டும் அதைத் தடுக்காது. ஆனால் அப்டேட்டின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுவதும் இதே கும்பல்களின் பழைய தொழில்தான். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று பிரௌசரில் ஒரு பக்கம் அலறும். அழைத்தால் தூரத்திலிருந்து திரையைப் பிடிக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் போன்ற செயலிகளைக் காட்டி ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. உண்மையான அப்டேட் எப்படி வரும், எங்கே வரும் என்று மாதம் ஒருமுறை தன் கையாலேயே பார்த்தவரிடம் போலி எளிதில் பலிக்காது. மாதாந்தர அப்டேட் செட்டிங்ஸுக்குள் இருந்துதான் வரும். அது ஓடிபி கேட்காது, பணம் கேட்காது, போன் நம்பர் தராது. இந்த மூன்றையும் அடையாளம் காண எந்த வயதும் தடையில்லை. மீறி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே ஞாயிற்றுக்கிழமையில் சொல்லலாம். ஆக, அப்டேட் நாள் என்பது மோசடியைப் பற்றிப் பேசவும் கிடைக்கும் நாள்.

உதவ வருபவரே ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சந்தேகம் வேண்டியதுதான் என்பேன். கிராமத்தில் உதவி என்ற பெயரில் வங்கிப் புத்தகமும் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கை மாறுவது நாம் அறியாததல்ல. ஆகவே வீட்டுக்குள் வருவதைவிடப் பொது இடத்தில் நாலு பேர் முன்னிலையில் செய்வது நல்லது. பாஸ்வேர்டை முதியவரே தட்ட வேண்டும், வங்கிச் செயலியை யாரும் திறக்கக்கூடாது, தூரத்திலிருந்து இயக்கும் செயலி எதையும் மெஷினில் விட்டுவைக்கக்கூடாது. அறிவு மையத்துத் தன்னார்வலர்களை அவர்களுடைய ஊருக்கே தெரியும். தவறு செய்தால் கேட்க ஆள் இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை நிற்கும்.

'இப்ப எல்லாமே போன்தானே, கம்ப்யூட்டர் யார் வச்சிருக்கா' என்பது இன்னொரு கேள்வி. பனித்திட்டில் கம்ப்யூட்டரைவிட ஆண்ட்ராய்டு போன்தான் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. அதனால் வாதம் வலுக்கவே செய்கிறது. போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, அதற்கும் ஆயுள் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4-இல் வாட்ஸ்அப் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. பென்ஷன்தாரர்கள் வருடா வருடம் தரவேண்டிய உயிர்ச் சான்றிதழை முகம் காட்டியே பதிவு செய்யும் வசதி 2021-இல் வந்தது; அதற்குரிய செயலிகளும் மிகப் பழைய ஆண்ட்ராய்டில் ஓடாது. அப்டேட் இல்லாத போன் அந்தப் பெரியவரைத் திரும்பவும் அலுவலக வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மலிவு விலைப் போன்களுக்குச் சில ஆண்டுகளோடு திருத்தம் நின்றுவிடுவதும், விலை உயர்ந்த சில போன்களுக்கு ஏழு ஆண்டு வாக்குறுதி தருவதும் ஒரு வகை அநீதி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் என்பதைப் போன் நிறுவனங்களுக்கு விதியாக்கியிருக்கிறது. இங்கும் அதை நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினைத் தூக்கிப் போடத் தேவையில்லை. உலாவவும் வீடியோ பேசவும் மட்டும் பயன்படும் மெஷின் என்றால் லினக்ஸ் போட்டுக்கொடுக்கலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்களில் ஒரு காலத்தில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸ் மின்ட் போன்றவையும் இலவசம்தான், திருத்தங்களும் ஒழுங்காக வருகின்றன. கைரேகைக் கருவி போன்றவை பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியிருப்பதால் எல்லோருக்கும் இது பொருந்தாது. கள்ளப் பிரதி விண்டோஸைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். அதை ஏற்றும்போது அப்டேட்டையும் வைரஸ் காவலையும் சேர்த்தே முடக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தன் மெஷினில் இருப்பது கள்ளப் பிரதி என்பதே அதை வாங்கிய பெரியவருக்குத் தெரிந்திருக்காது. அவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல் மெஷினைச் சரிசெய்து தருவதுதான் உதவி.

இதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். கிருமாம்பாக்கத்தில் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். வில்லியனூரில் கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மணிக்கணக்கு காட்ட வேலை தேடுகிறார்கள். மீனவப் பஞ்சாயத்தாரிடம் இடமும் மைக்கும் இருக்கின்றன. பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஊருக்கு ஒரு பெயரை அறிவித்து, இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த ஞாயிறு காலையை இதற்கென ஒதுக்க வேண்டும். விண்டோஸ் 10 மெஷின் வைத்திருக்கும் முதியவர்களைக் கண்டுபிடித்து, கூடுதல் அவகாசம் கிடைக்கும் காலத்துக்குள் பதிவு செய்துகொடுப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் நீங்கள் வெளியூரில் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவின் மெஷினைத் திறந்து பாருங்கள். கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரிடம், அவர்கள் முன்னிலையிலேயே, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.